சுராங்கனி வந்த கடல்

நினைச்சுப் பாருங்கோ. பேசாலை. ஆடி மாதம். இரவு பதினொரு மணி தாண்டிவிட்டது. கலியாணப் பந்தலுக்கும் கடலுக்கும் இடையில் ஒரு கல்லெறி தூரம்தான். கச்சான் காற்று தீவின் தென்கடலில் புறப்பட்டு, பனங்கூடல்களை உலுப்பிக்கொண்டு குறுக்கே ஓடிவந்து, பந்தலின் ரியூப் லைட்டுகளை ஊஞ்சல் ஆட்டுகிறது. ஆட்டிறைச்சிக் கறி வாசமும் பக்கத்து வாடியில் காயும் கருவாட்டு வாசமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மூக்குக்குள் ஏறுகின்றன. சின்னப்பிள்ளைகள் வாங்குகளில் சுருண்டு தூக்கம். பெரியம்மாமார் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி இருக்கிறார்கள். மன்னார் ரவுணிலிருந்து வந்த ஐந்து பொடியன்மார் மேடையில் சினிமாப் பாட்டுகளாக வாசித்து முடித்து, தேத்தண்ணி குடித்து, ஏதோ தங்களுக்குள் குசுகுசுத்தார்கள்.

பிறகு அந்த ட்ரம்ஸ் பொடியன் தடியைத் தூக்கினான்.

தக்கிட தக்கிட. தக்கிட தக்கிட.

அவ்வளவுதான். நாலே நாலு மூன்றுகள். கிற்றார் இன்னும் தொடவில்லை, பாடகன் வாய் திறக்கவில்லை, ஆனால் என்ன வரப்போகிறது என்று என் முழங்காலுக்குத் தெரிந்துவிட்டது! கைவிரலில் இருந்து தோள்வரைக்கும் மயிர்க்கூச்செறிந்தது. நான் கையில் வைத்திருந்த சோடாப் போத்தலை எங்கே வைத்தேன் என்று இன்றுவரைக்கும் தெரியாது. எனக்குப் பின்னால் இருந்த எழுபது வயது அன்ரி ஒருத்தி, அன்று காலையில் கோயில் படி ஏற இரண்டு பேர் பிடித்துவிட்ட அதே அன்ரி, கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிவிட்டா. எழும்பி, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, இரண்டு கையையும் விரித்து இடுப்பை ஒரு வெட்டு வெட்டினா பாருங்கோ! அப்போது கிற்றார் விழுந்தது. சுராங்கனி! பந்தல் முழுக்க ஒரே கூச்சல். தூங்கின பிள்ளை எழும்பிவிட்டது, மாப்பிள்ளை மாலையோடு இறங்கிவிட்டார், சமையல்காரர் அகப்பையோடு வந்துவிட்டார், மணல் கிளம்பி லைட் வெளிச்சத்தில் பொன்தூள் மாதிரி நிற்கிறது, நான் நடுவில் நின்று தொண்டை கட்டும்வரை பாடுகிறேன், கண்ணில் தண்ணீர் வருகிறது, எதற்கு அழுகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை, ஆனாலும் நிற்பாட்ட மனமில்லை. கீபோர்ட்டின் சத்தம் கொஞ்சம் தூக்கல் என்று யாரோ சொன்னார்கள். இருக்கட்டுமே!

பாட்டு முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போதுதான் கனடாவில் இருந்து வந்திருந்த தங்கச்சியின் மகன் என் கையைப் பிடித்தான். அவனுக்குப் பதினாறு வயது.

"மாமா, இது யாற்ற பாட்டு? சினிமாப் பாட்டோ, சிங்களப் பாட்டோ?"

ஐயோ, இந்தக் கேள்வியை ஒருத்தன் என்னிடம் கேட்க வேண்டும் என்று முப்பது வருசமாகக் காத்துக்கொண்டிருந்த மனிசன் நான்! அவனை இழுத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடினேன். கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளம் ஒன்றில் ஏறி இருந்தோம். விடியும்வரைக்கும் கதைத்தேன். அவனிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது.

முதலில் அந்தத் தாளம். வள்ளத்தின் முதுகில் அவனைத் தட்டச் சொன்னேன். ஒன்று-இரண்டு-மூன்று, ஒன்று-இரண்டு-மூன்று. மேலைச் சங்கீதக்காரர் எட்டில் ஆறு என்பார்கள், எங்கள் மிருதங்க வாத்தியார் திச்ர நடை என்பார். ஆனால் வெறும் மூன்று மூன்றாக எண்ணினால் அது பைலா ஆகாது. மூன்றுக்குள் ஒரு சின்ன நொண்டல் இருக்கிறது, ஒரு காலில் பாரத்தைப் போட்டு மற்றக் காலை இழுத்துக்கொண்டு வருவதுபோல. அந்த நொண்டல்தான் இடுப்பைப் பிடித்து ஆட்டுகிறது. பைலா என்ற சொல்லே போர்த்துக்கேய மொழியில் ஆடுவதைக் குறிக்கிற சொல்லில் இருந்து வந்தது. பாடுவதைக் குறிக்கிற சொல்லில் இருந்து இல்லை, கவனியுங்கோ! இந்த இசைக்குப் பெயர் வைத்தவர்களுக்குக் காதைவிடக் கால்தான் முதலில் கேட்டிருக்கிறது.

"அப்ப போர்த்துக்கீஸ் பாட்டோ?" என்றான் பொடியன். பொறடா தம்பி, பொறு.

மறுநாள் நான் அவனுக்குக் காட்டின இடத்தை நீங்களும் பார்க்க வேண்டும். பெருநிலத்தில் இருந்து பாலம் கடந்து தீவுக்குள் கால் வைக்கிற இடத்திலேயே, நாலு மூலையிலும் கொத்தளம் வைத்து, கடலைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது மன்னார்க் கோட்டை. 1560இல் கொன்ஸ்தந்தீனு டி பிரகன்சா என்ற கோவாவின் போர்த்துக்கேய ராஜப்பிரதிநிதி யாழ்ப்பாணத்து அரசனோடு சண்டை பிடித்துவிட்டுத் திரும்பும்போது மன்னாரைப் பிடித்துக் கட்டத் தொடங்கிய கோட்டை. 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள், கல்லை மாற்றி மாற்றி அடுக்கினார்கள். எனக்கு அந்தக் கல்லைப் பற்றி அக்கறை இல்லை. நான் அந்த மதிலில் காதை வைத்துக்கொண்டு நிற்பவன். கிட்டத்தட்ட நூறு வருசம் அந்த மதிலுக்குள் இருந்த சிப்பாய்களுக்குப் பின்னேரம் என்று ஒன்று வந்திருக்கும்தானே? வெயில் தாழ்ந்து காற்று எழும்பும்போது ஒருத்தன் நரம்பு வாத்தியத்தை எடுத்திருப்பான்தானே? இப்படி நினைக்கத் தொடங்கினால் எனக்கு நெஞ்சு படபடக்கும்.

அந்தக் கப்பல்களில் போர்த்துக்கேயர் மட்டும் வரவில்லை. ஆபிரிக்காவில் இருந்து பிடித்து அடிமையாகவும் சிப்பாயாகவும் கொண்டுவந்த மனிதர்களும் வந்தார்கள். இலங்கையில் அவர்களைக் காப்பிரியர் என்றார்கள். அந்தப் பெயரோடு போர்த்துக்கேயக் கடைக்குட்டி விகுதி ஒன்றைச் செல்லமாக ஒட்டினால் வருவதுதான் கபரிஞ்ஞா! பைலாவைப் பெற்ற தாய் அவள்தான். ஐரோப்பியனின் மெட்டும் ஆபிரிக்கனின் தாளமும் இந்தத் தீவின் வெக்கையில் ஒன்றாக வெந்து உருவான ஆட்டம். நொண்டல் எங்கே இருந்து வந்தது என்று கேட்டீர்களே, அது ஆபிரிக்காவின் கால். மன்னாரில் இருக்கிற எங்களுக்கு இது ஒன்றும் தூரத்துக் கதை இல்லை. பள்ளிமுனையில் அந்தப் பெரிய பெருக்கமரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பத்துப் பேர் கை கோத்தாலும் சுற்றி வளைக்க முடியாத, யானைத் தோல் மாதிரி மடிப்பு விழுந்த மரம். அதுவும் ஆபிரிக்க மண்ணின் மரம்தான், அராபிய வணிகர் கொண்டுவந்தது என்று சொல்லுவார்கள். மரத்தையே கடல் கொண்டுவந்து இங்கே வேர்விட வைத்திருக்கும்போது ஒரு தாளத்தைக் கொண்டுவராதா?

நான் ஆசை தாங்காமல் புத்தளம் போனேன். சிறாம்பியடி என்ற ஊரில் ஆபிரிக்க வம்சாவளிக் குடும்பங்கள் இன்றைக்கும் இருக்கின்றன, ஆங்கிலேயர் காலத்துப் படைவீரர்களின் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள். அவர்கள் பாடுவதற்கு மான்ஞா என்று பெயர். ஒரு வீட்டு முற்றத்தில் பாய் விரித்து என்னை இருத்தினார்கள். ஒரு அம்மாவின் கையில் இரண்டு சிரட்டை, இன்னொருவரின் கையில் கண்ணாடிப் போத்தலும் கரண்டியும், பக்கத்தில் ஒரு றபான். அவ்வளவே வாத்தியம்! மெல்லத் தொடங்கினார்கள், தாலாட்டுப் போல. பழைய போர்த்துக்கேயக் கலப்பு மொழியில் சின்னச் சின்ன வரிகள், திரும்பத் திரும்ப. எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை. ஆனால் போத்தலில் கரண்டி விழுகிறது, சிரட்டை அதற்குப் பதில் சொல்கிறது, கொஞ்சம் வேகம் கூடுகிறது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், அந்த அம்மாவின் தோள் தனியாகவும் இடுப்பு தனியாகவும் ஆடத் தொடங்குகிறது, முற்றத்துக் கோழி ஓடுகிறது, நான் பாயில் இருந்து எழும்பியதே தெரியாமல் எழும்பி நிற்கிறேன், அப்போது என் காதுக்குள் ஒரே ஒரு சொல்தான்: சுராங்கனி, சுராங்கனி, சுராங்கனி! அதே மூன்று, அதே நொண்டல், அதே கால்! பேசாலைப் பந்தலில் ஐந்து பொடியன்மார் மின்சாரத்தில் செய்ததை இந்த அம்மா இரண்டு சிரட்டையில் செய்துவிட்டா. நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவ சிரித்தா. "இருங்கோ தம்பி, சாப்பிட்டுப் போகலாம்" என்றா.

மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டுக் கலியாணங்களில் இதே கபரிஞ்ஞாவை வயலினில் வாசிப்பார்கள். அங்கே அது கொஞ்சம் நாகரிகமாக, சப்பாத்துப் போட்டுக்கொண்டு நடக்கும். எனக்குச் சிரட்டைதான் பிடிக்கும் என்றாலும் வயலினைக் கேட்டபோதும் துள்ளாமல் இருக்க முடியவில்லை.

பிறகு வந்தார் வொலி பஸ்தியன். அடடா, அந்த மனிசனை எப்படிச் சொல்லுவேன்! கொழும்பில் பொலிஸ்காரர். அந்த மனிதர்தான் 1940களில் இந்தப் பறங்கிப் பாட்டின் தாளத்தை எடுத்து, சிங்களச் சொற்களை ஏற்றி, தெருவில் நிற்கிற சனத்தின் வாயில் கொடுத்தார். பைலாவின் தந்தை என்று சிங்களவர் அவரைக் கொண்டாடுவது சும்மா இல்லை. பின்னால் எம். எஸ். பெர்னாண்டோ வந்தார், தீவு முழுக்கக் கிற்றார்க் குழுக்கள் முளைத்தன, பஸ்ஸில் சுற்றுலாப் போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாளியைக் கவிழ்த்து வைத்துத் தட்டத் தொடங்கினார்கள். அந்த வாளிச் சத்தம் கேட்காத பயணமும் ஒரு பயணமோ!

தமிழுக்கு எப்போது வந்தது? இதைச் சொல்லும்போது நான் வள்ளத்தில் எழும்பி நின்றுவிட்டேன். 1960களின் கடைசியும் 70களும். அந்தக் காலத்தை எனக்கு அப்பா சொல்லிச் சொல்லியே நான் வாழ்ந்ததுபோல ஆகிவிட்டது. வானொலிப் பெட்டியைச் சுற்றி முழுக் குடும்பமும் இருக்க, தமிழில் பொப்பிசை! நித்தி கனகரத்தினம் கிற்றாரோடு வந்து கள்ளுக்கடைப் பாட்டைப் பாடினார். யாழ்ப்பாணத்துப் பேச்சு, ஒழுங்கைப் பகிடி, அதற்குக் கீழே பைலாவின் அதே நடை. கச்சேரிக்குப் பயந்து ஒதுங்கி நின்ற சனமெல்லாம் வாய்விட்டுப் பாடியது. அவருக்குப் பிறகு ஏ. ஈ. மனோகரன். பொப்பிசைச் சக்கரவர்த்தி! தோள்வரை முடி, அடர்ந்த தாடி, கணீரென்ற குரல், மேடையில் ஒரு இடத்தில் நிற்காத கால். அவர் வாயில் இருந்துதான் தமிழ்ச்சனம் சுராங்கனியைப் பெற்றது. செங்கை ஆழியானின் வாடைக்காற்று 1978இல் படமாக வந்தபோது அதில் நடித்தவரும் அவர்தான். அப்பா அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னதைவிட அந்தத் தாடியைப் பற்றிச் சொன்னதுதான் அதிகம்.

என்ன பாட்டு அது! ஒரு பெட்டை, பெயர் சுராங்கனி. அவளுக்கென்று கடலில் இருந்து மீன் வந்திருக்கிறது. விசயம் இவ்வளவுதான். முத்துமாலை இல்லை, நிலா இல்லை, மீன்! கரையோரத்தில் பிறந்த ஒருவனுக்கு இதைவிடப் பெரிய காதல் பரிசு எது, சொல்லுங்கோ பார்ப்போம். பல்லவி சிங்களம், இடையில் தமிழ், ஒரே மூச்சில் இரண்டும். எங்கள் கரையில் அப்படித்தானே கதைத்தோம். தெற்கே கச்சான் அடித்துக் கடல் கொந்தளிக்கிற மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் இங்கே வந்து வாடி போடுவார்கள். அப்பாவுக்குச் சிங்களம் படிப்பித்தது பள்ளிக்கூடம் இல்லை, அவர்களோடு பிடித்த பேரம். அந்தப் பேரத்தின் வாசம் அந்தப் பாட்டில் அப்படியே இருக்கிறது.

இனித்தான் என் கதை. 1990. எனக்குப் பன்னிரண்டு வயது. சண்டை திரும்பத் தொடங்கி, இரவோடு இரவாக வள்ளத்தில் ஏறினோம். இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். ஒரு கூரைக்குக் கீழே எத்தனையோ குடும்பம். அப்பா கதைப்பதை நிறுத்திவிட்டார். நான் ஒரு நாள் மண்ணெண்ணெய் வாங்கப் போனேன், கையில் தகரப் போத்தல், வெயில் மண்டையைப் பிளக்கிறது, சப்பாத்தும் இல்லை செருப்பும் இல்லை. ஒரு தேத்தண்ணிக் கடையைத் தாண்டுகிறேன். அங்கே டேப்ரெக்கோடரில் தக்கிட தக்கிட! நின்றுவிட்டேன். சுராங்கனி! ஆனால் மனோகரனின் குரல் இல்லை, வேறு குரல். 1977இல் "அவர் எனக்கே சொந்தம்" என்ற படத்துக்கு இளையராஜா இந்தப் பாட்டை எடுத்துக் கொடுத்து, மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் பாடிய வடிவம் அது. கடைக்கார அண்ணாச்சி கண்ணாடிக் குவளையில் கரண்டியால் தட்டிக்கொண்டு தலையாட்டுகிறார். அந்தச் சிங்களச் சொற்கள் அவருக்கு விளங்காது, எனக்கு விளங்குகிறது! கடலுக்கு இந்தப் பக்கத்தில், எவரையும் தெரியாத ஊரில், எனக்கு மட்டும் விளங்குகிற சொல் ஒன்று ஒலிபெருக்கியில் போகிறது, எங்கள் வாடி கேட்கிறது, அப்பாவின் பேரம் கேட்கிறது, அம்மா மீன் வெட்டும்போது மேசையில் தட்டும் தாளம் கேட்கிறது, "அண்ணாச்சி, இது எங்கட பாட்டு, எங்கட பாட்டு அண்ணாச்சி" என்று நான் கத்துகிறேன், கத்திக்கொண்டே ஆடுகிறேன், தகரப் போத்தலைத் தட்டித் தட்டி ஆடுகிறேன், சூடான மண் காலைச் சுடுகிறது, சுடட்டும், ஆடுகிறேன். அந்த மனிசன் எழும்பி வந்து, ஒன்றும் கேட்காமல், பாட்டைச் சுற்றி முதலில் இருந்து போட்டுவிட்டு, எனக்கு ஒரு தேத்தண்ணியும் பன்னும் தந்தார். முகாமுக்கு ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அப்பா அன்றைக்குத்தான் முதல்தடவை சிரித்தார். மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்கு வந்து, பாட்டு முடியும்வரைக்கும் வாங்கில் இருந்து, விரலால் மெல்ல மெல்லத் தட்டினார்.

மேசை, கதிரை, வாங்கு, சப்பாத்து, அலுமாரி, யன்னல், பாண், துவாய். இவையெல்லாம் போர்த்துக்கேயம் தந்த சொற்கள் என்று பின்னால் படித்தபோது நான் ஆச்சரியப்படவே இல்லை. அந்தச் சொற்களைப் பேசாமல் மன்னாரில் ஒருவர் ஒரு நாளைக் கழிக்க முடியுமா? சொல் எங்களுடையதாகிவிட்டால் தாளமும் எங்களுடையதுதான். அப்பா அன்றைக்குப் போர்த்துக்கேய வாங்கில் இருந்து ஆபிரிக்கத் தாளத்தைத் தட்டினார், ஆனால் தட்டினது மன்னாரான்.

வேறு நாட்டிலும் இப்படி இருக்கிறார்கள் தெரியுமோ! ஸ்லோவேனியா என்ற சின்ன நாடு, ஆல்ப்ஸ் மலையடிவாரம். அங்கே அவ்செனிக் என்ற அண்ணன் தம்பி, ஸ்லாவ்கோவும் வில்கோவும், 1950களில் ஒரு பொல்கா மெட்டைப் போட்டார்கள். கோலித்சா என்ற மலையின் பெயரை அதற்கு வைத்தார்கள். அக்கோடியன், கிளாரினெட், எக்காளம் எல்லாம் சேர்ந்து குதிக்கிற மெட்டு அது, ஜெர்மன்காரர் அதற்கு எக்காளத்தின் எதிரொலி என்று தங்கள் பாஷையில் வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். மே மாதத்தில் அந்த மலைச்சரிவு முழுக்க வெள்ளைப் பூப் பூக்குமாம். பொல்காவே அவர்கள் ஊரில் பிறந்தது இல்லை, பொஹீமியாவில் 1830களில் கிளம்பி ஐரோப்பா முழுக்க ஓடின ஆட்டம். ஆனால் தங்கள் மலையின் பெயரை வைத்த அன்றைக்கே அது அவர்களுடையதாகிவிட்டது. கைத்தொலைபேசியில் போட்டு மருமகனுக்குக் கேட்கக் கொடுத்தேன். இரண்டிரண்டாகத் துள்ளுகிற தாளம், ஆட்டுக்குட்டி மாதிரி. "நல்லாத்தான் இருக்கு மாமா, ஆனா எங்கட மாதிரி நொண்டுதில்லை" என்றான். அவனைக் கட்டிப்பிடித்து உச்சியில் கொஞ்சிவிட்டேன்! இரவில் எங்கட என்ற சொல் அவன் வாயில் வந்தது அதுதான் முதல்தடவை.

மனோகரன் 2018 ஜனவரி 22ஆம் திகதி சென்னையில் கண்ணை மூடினார். செய்தி கேட்ட அன்று வேலைக்குப் போகவில்லை. வீட்டு முற்றத்தில் ஸ்பீக்கரை வைத்துப் பகல் முழுக்க அவர் பாட்டுகளைப் போட்டேன். ஒழுங்கையால் போன சனம் படலையடியில் நின்று கேட்டுவிட்டுப் போனது. ஒருவரும் சத்தத்தைக் குறை என்று சொல்லவில்லை.

இதைச் சொல்லி முடிக்கவும் கிழக்கு வெளுக்கவும் சரியாக இருந்தது. வடகடல் தாம்பாளம் மாதிரி அசையாமல் கிடந்தது. கரைவலைக்காரர் கயிற்றைப் பிடித்து இழுக்கத் தொடங்கிவிட்டார்கள், ஒருவர் அம்பா எடுக்க மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்கிக்கொள்ள, குதிக்கால் மணலில் புதையப் புதைய. "என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறியள், வந்து பிடியுங்கோவன்!" என்று சம்மாட்டி கத்தினார். ஓடிப்போய்ப் பிடித்தோம். ஈரக் கயிறு உள்ளங்கையை அறுக்கிறது, நான் அம்பாவுக்கு இழுக்கப் பார்க்கிறேன், என் வாய் சுராங்கனியை முணுமுணுக்கிறது, எனக்கு முன்னால் இழுத்துக்கொண்டிருந்த வயதான மனிசர் திரும்பிப் பார்த்துப் பல் தெரியச் சிரித்துவிட்டு, அடுத்த வரியைச் சுத்தமான சிங்களத்தில் எடுத்தார் பாருங்கோ! நீர்கொழும்பு மனிசர், காற்றுக்கு வந்தவர். பிறகு அம்பாவாவது ஒன்றாவது! பதினைந்து பேரும் பைலாவுக்கு வலை இழுத்தோம். மருமகன் பின்னால் நின்று வாயால் ட்ரம்ஸ் வாசித்தான்.

மடி கரையேறியது. சூடை, காரல், நாலைந்து கணவாய், துடிக்கிற பாரைகள். அந்த மனிசர் ஒரு பாரையை எடுத்து, செவுளுக்குள்ளால் ஓலை ஈர்க்கைக் கோத்து, மருமகனின் கையில் கொடுத்தார்.

"அம்மாவுக்குக் கொண்டு போ" என்றேன்.

அவன் முன்னால் நடந்தான், மீன் முழங்காலில் இடிபட இடிபட, மணலில் ஒரு கால் கொஞ்சம் இழுபட. படலையில் நின்ற தங்கச்சி, இரவு முழுக்க எங்கே போனீர்கள் என்று ஏச வாயைத் திறந்தவள், அவன் கையில் தொங்கியதைப் பார்த்தாள். பிறகு ஏச்சுக்குப் பதிலாக அவள் வாயில் வந்தது சுராங்கனிதான்.